பெர்சியின் கேசட்டைத் திறந்து பார்த்த விவரம்

கோச்சடை, மதுரை
டிசம்பர் 3

கர்த்தருக்குள் அன்பான மைத்துனன் பெர்சிக்கு,

உன் அத்தான் யேசுதாஸ் எழுதுவது. கடவுள் கிருபையால் நானும் உன் அக்கா ஹெப்சிபாவும் சுகமாக இருக்கிறோம். என் இரத்த அழுத்தமும் உன் அக்காவின் கோபமும் மட்டும் இருக்க வேண்டிய அளவைவிடச் சற்று உயரத்தில் இருக்கின்றன. ஓசூரில் நீயும், உன் வீட்டாரும், மகன் ஜினோவும் நலமாக இருக்க அன்றாடம் ஜெபிக்கிறோம். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என் குரல் கேட்டதும் நீ "அக்காட்ட குடுங்க" என்கிறாய். கடிதத்தை அப்படி வாங்கி வேறொருவர் கையில் கொடுக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் உன் அக்கா, இந்தக் கிறிஸ்துமஸுக்காவது வீட்டுக்குள் வந்து ஒரு வாய் சாப்பிடு என்று உன்னிடம் அழுதபோது நீ சொன்ன பதிலை நானும் கேட்டேன். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "அந்தக் கேசட்ட அத்தான் ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கட்டும்க்கா. பாத்துட்டு என்ன இருந்துச்சுன்னு எங்கிட்டச் சொல்லட்டும். அன்னைக்கே வாரேன்." இவ்வளவுதான் நீ சொன்னது. அன்றிலிருந்து உன் அக்கா எனக்குக் காபி கொண்டுவந்து வைக்கும் சத்தம் மாறிவிட்டது. டம்ளர் மேசையைத் தொடும்போது பக்கத்து வீட்டு நாய் எழுந்து பார்க்கிறது. இருபத்தைந்து வருடமாக நீ வருவதும், கேட்டுக்கு வெளியே நின்றபடியே அக்காவைப் பார்த்து டீ குடித்துவிட்டுப் போவதும் தெருவுக்கே பழகிவிட்டது. அவளுக்குப் பழகவில்லை. இப்போது அவளுக்கு அறுபது ஆகப்போகிறது. "இந்த வருசமும் எந்தம்பி கேட்டுக்கு வெளிய நின்னா, நானும் அவன்கூட ரோட்டுலயே நின்னு சாப்புட்டுக்கிர்றேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்யக்கூடியவள்.

நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நீ எங்கள் வீட்டில் தங்கி, நான் வேலை பார்த்த பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். அரசுத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்து வெள்ளிக்கிழமை, நம் வீட்டில் ஜெபக்கூட்டம். முடிந்ததும் சுண்டல் கொடுக்கிற நேரத்தில் உன் சித்தப்பா மகன் ஆலன், இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன், சிங்கப்பூரிலிருந்து உனக்கு வந்த அந்த வீடியோ கேம் கேசட்டை யாராலும் முடிக்க முடியாது என்றான். வாளோடு ஒரு குள்ளன் ஏழு கோட்டைகளைத் தாண்டிப் போய் ஒரு மணியை மீட்க வேண்டிய விளையாட்டு. நீ எழுந்து, "நான் முடிச்சிட்டேன். எம்பேரு உள்ள இருக்கு" என்றாய். பரீட்சை நேரத்தில் விளையாடியதோடு பொய் வேறா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆதாரம் கேட்டேன். டிவியில் போட்டுக் காட்டுகிறேன் என்றாய். லெந்து வெள்ளியில் என் வீட்டில் டிவி எரியாது என்றேன். ஈஸ்டர் கழித்துக் காட்டுகிறேன் என்றாய். ஆதாரத்துக்குத் தவணை கிடையாது என்றேன். இயற்பியல் ஆசிரியன் வேறு என்ன சொல்லுவான்? பத்துப் பேர் முன்னால் "நான் பொய் சொன்னேன்" என்று உன்னைச் சொல்ல வைத்தேன். போதகர் உன் நாவுக்காக ஜெபித்தார். கேசட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். பரீட்சை முடிந்த மறுநாள் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். ஒழுங்கு முறையில் அன்று நான் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை பீரோவைத் திறந்தேன். சாவியைத் தேடவே காலைப்பொழுது போயிற்று. கேசட் என் கல்யாண வேட்டிக்கு அடியில், அந்துருண்டை வாசத்தோடு, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. உன் பொருளை நான் உடைத்துவிட்டதாக நீ ஆரம்பத்தில் வெளியில் சொல்லிக்கொண்டிருந்தது தவறு என்பதை முதலில் குறித்துக்கொள். பரணிலிருந்து கேம் மெஷினையும் இறக்கினேன். இறக்கும்போது ஸ்டார் விளக்குப் பெட்டியும் கூடவே இறங்கி என் தோளில் உட்கார்ந்தது. அதைப் பற்றி விரிவாக எழுதவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ராம்கியிடம் போனேன். நரைத்த தாடியும் நல்ல கையும் உள்ளவர். பார்த்த உடனே, "சார், அடாப்டர் புட்டுக்கிச்சு. இந்த மாடல் பின்னு இப்ப வர்றதே இல்ல" என்றார். ஆகவே போட்டுப் பார்க்கும் வழி அடைபட்டது. என் குற்றம் இதில் எதுவும் இல்லை.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவன் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். பெயர் உள்ளே இருக்கிறது என்றால் உள்ளேதான் பார்க்க வேண்டும். பழைய செய்முறைப் பதிவேடு ஒன்றில் தேதி போட்டு, நோக்கம்: கேசட்டுக்குள் பெயர் ஒன்று தங்கியிருக்க முடியுமா என்று கண்டறிதல், என்று எழுதினேன். சிறு ஜெபமும் செய்தேன். பிறகுதான் தெரிந்தது, அதில் இருக்கிற இரண்டு ஸ்குரூவும் உலகத்தில் எந்த ஸ்குரூ டிரைவருக்கும் அடங்காத ஜாதி என்று. தலை குழியாக, உள்ளே சுற்றிலும் பல்லாக இருக்கிறது. ராம்கிதான் உபாயம் சொன்னார். பிளாஸ்டிக் பேனாவின் பின்புறத்தைத் தீயில் காட்டி இளக்கி, ஸ்குரூ தலையில் அழுத்தி, ஆறுகிற வரை பிடித்தால் பேனாவே சாவியாகிவிடுமாம். அடுப்படிக்குப் போனேன். முதல் பேனா தீப்பிடித்தது. இரண்டாவது பேனா இளகி அடுப்பின் பர்னரில் ஒழுகியது. மூன்றாவது பேனாவைச் சரியாக அழுத்தினேன், ஆனால் ஆறுவதற்குள் தும்மிவிட்டேன். வீடு முழுக்கக் கருகல் நாற்றம். உன் அக்கா ஓடிவந்து, "என்னங்க, வீட்டக் கொளுத்துறீங்களா?" என்றாள். ஆராய்ச்சி என்றேன். "இம்புட்டு வருசம் பூட்டி வச்சது பத்தாதா? போட்டுப் பாக்கச் சொன்னா, பொளந்து பாக்குறீங்க" என்று சொல்லிவிட்டு பர்னரைச் சுரண்ட ஆரம்பித்தாள். நான்காவது பேனாவில் ஸ்குரூ கழன்றது. அது நான் ஓய்வு பெற்றபோது பள்ளியில் கொடுத்த பேனா.

பெர்சி, அந்தக் கேசட்டுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. உள்ளங்கை அகலப் பெட்டியில் கால்வாசிக்குத்தான் ஒரு பச்சைப் பலகை. அதில் கால் முளைத்த கறுப்புச் சில்லுகள் மூன்று, கைக்கடிகார பேட்டரியைவிடக் கொஞ்சம் பெரிதாக வட்டமான ஒரு பேட்டரி, ஓர் எறும்பு. எறும்பு இறந்து பல வருடம் ஆகியிருக்க வேண்டும். ஏழு கோட்டை, குள்ளன், மணி எல்லாம் இந்த மூன்று சில்லுக்குள்ளா என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. லென்ஸை வைத்து முன்னும் பின்னும் பார்த்தேன். எண்கள் இருந்தன. பெயர் இல்லை. அதை உன் அக்காவிடம் சொன்னேன். "அவன் என்ன பேப்பர்ல எழுதி ஒட்டியா வச்சிருப்பான்?" என்றாள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்ததால் லென்ஸை உறையில் போட்டேன்.

அடுத்து பேட்டரி. மின்கலத்தைச் சோதிக்கும்போது அதை மின்சுற்றிலிருந்து தனியாகக் கழற்றித்தான் சோதிக்க வேண்டும் என்று முப்பத்துநான்கு வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். உனக்கும் சொல்லிக்கொடுத்தேன். நீ அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியதும் ஞாபகம் இருக்கிறது. பலகையோடு பற்றவைத்திருந்த இரண்டு தகடுகளையும் சால்டரிங் அயர்னால் இளக்கி, பேட்டரியை அலுங்காமல் எடுத்து, மீட்டரில் வைத்தேன். இரண்டு புள்ளி ஒன்பது வோல்ட். இருபத்தைந்து வருடம் பீரோவுக்குள் இருந்தும் உயிர் போகவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பதிவேட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். பிறகு திரும்பவும் அதைப் பழைய இடத்திலேயே பற்றவைத்து மூடினேன். திங்கட்கிழமை ராம்கியிடம் போய் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த டிவி ரிமோட்டைக் கீழே வைத்தார். "கழட்டிட்டீங்களா சார்? அந்த பேட்டரி வேற எதுக்கு இருக்குன்னு நெனச்சீங்க? வெளாண்டவங்க பேர அழியாம வச்சிருந்தது அதுதான சார். கழட்டுன அந்த நிமிசமே எல்லாம் போயிருக்கும்." அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உன் அக்காவிடம் சொன்னேன். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நறுக்கிக்கொண்டே இருந்தாள். இரண்டு பேருக்குச் சமையல், அன்று பத்துப் பேருக்கான வெங்காயம் நறுக்கியிருந்தாள்.

ஆகவே நிலைமை இதுதான். உன் பெயர் அதில் இருந்ததா, இல்லையா என்பதை இனி நீயும் நிரூபிக்க முடியாது, நானும் மறுக்க முடியாது. தெரியாமல் நடந்த ஒரு விபத்தில் ஆதாரம் அழிந்துவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் மாணவனுக்குச் சாதகமாக மதிப்பெண் போடுவதுதான் வழக்கம். நானும் அவ்வாறே, சந்தேகத்தின் பலனை உனக்கு அளிக்கிறேன். நீயும் பெரிய மனதோடு அன்று நடந்ததை விட்டுவிட வேண்டும். யார் ஜெயித்தார்கள் என்ற பேச்சே இல்லாமல், குடும்பத்தோடு வந்து கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் உட்கார வேண்டும். கறிக்கு உன் அக்கா இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.

ஜினோ நன்றாகப் படிக்கவும், உங்கள் வீட்டில் சமாதானம் தங்கவும், ஓசூர்க் குளிர் உங்களை வாட்டாமல் இருக்கவும் ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் முத்தங்களும் உங்கள் மூவருக்கும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்,
யேசுதாஸ்

பின்குறிப்பு: கவரில் விலாசம் எழுத உன் அக்காவிடம் கொடுத்தேன். அவள் முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அடாப்டர் இல்லேன்னா, சனிக்கிழம நான் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போயிட்டு வந்தப்ப, டிவிக்குப் பின்னாடி அந்தக் கேம் மெஷினோட மஞ்ச வயரு எப்படித் தொங்குச்சு?"

பெர்சி, அடாப்டர் போனது உண்மை. ராம்கி அன்றைக்கே வேறொன்றை வெட்டி ஒட்டிக் கொடுத்தார் என்பதும் உண்மை. சனிக்கிழமை மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, கேசட்டைத் திறப்பதற்கு முன்பே நான் போட்டுப் பார்த்தேன். முதலில் வரவில்லை. நீ கேசட்டின் வாயில் ஊதிவிட்டுப் போடுவாய், எச்சில் படுகிறது என்று நான் திட்டுவேன். நானும் ஊதினேன். வந்தது. திரையில், விளையாடியவர்கள் பெயர் வருகிற இடத்தில் மூன்று வரிகள் இருந்தன. முதல் வரியில் ஆங்கிலத்தில் உன் பெயர். அதற்குப் பக்கத்தில் ஒரு கிரீடம். பட்டனை அழுத்தி உள்ளே போனேன். குள்ளன் மணியோடு நின்றான். நீ சொன்னது உண்மை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. உண்மை சொன்ன பதினைந்து வயதுப் பையனைப் பத்துப் பேர் முன்னால் பொய் சொன்னேன் என்று சொல்ல வைத்து, அதற்கு ஆமென் சொன்னவன் நான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே எங்காவது ஒரு கோளாறு இருக்கும், அந்தப் பெயர் தானாகவே வந்திருக்கும் என்று தேடித்தான் திறந்தேன். ஒரு கோளாறும் இல்லை. பேட்டரியைப் பார்த்தேன். அது எதற்கு இருக்கிறது என்று ஓர் இயற்பியல் ஆசிரியனுக்கு ராம்கி சொல்லியா தெரிய வேண்டும்? தெரிந்தேதான் கழற்றினேன். வோல்ட் பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகு. ராம்கியிடம் போய்ச் சொன்னதும் தெரியாதவன் போல இருப்பதற்காகத்தான். மேலே எழுதிய சந்தேகத்தின் பலனை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சந்தேகமே இல்லாத இடத்தில் அதைக் கொடுக்க நான் யார்? நான் வெட்கப்படுகிறேன், பெர்சி. என்னை மன்னித்துவிடு.

இப்போது உன் பெயர் அந்தக் கேசட்டில் இல்லை. அதைக் கண்ணால் பார்த்த சாட்சி இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். எனக்கு அறுபத்தெட்டு வயது, பிரஷர் வேறு இருக்கிறது. அன்று சுண்டல் சாப்பிட்ட பத்துப் பேரில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். போதகர் ஓய்வு பெற்றுப் பசுமலையில்தான் இருக்கிறார். ஆலனிடமும் இன்று காலை பேசிவிட்டேன். ஆறு பேரையும் கிறிஸ்துமஸ் மதியம் நம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறேன். சாப்பாடு பரிமாறுவதற்கு முன்னால், நீ அன்று நின்ற அதே இடத்தில் நின்று, நான் பார்த்ததைச் சொல்லப்போகிறேன். நீ வராவிட்டாலும் சொல்வேன். ஆனால் நீ வந்து கேட்க வேண்டும்.