கரையாத துணி

குடுவைக்குள் துணி கரையவில்லை. அரை மணி நேரமாக அப்படியே மிதந்துகொண்டிருந்தது.

ஆய்வுக்கூடத்து வேதியியலாளருக்கு நெற்றி வேர்த்தது. மூன்று வருடம் பாடுபட்டு அவள் உருவாக்கிய கரைப்பான் அது. பார்க்க எண்ணெய் போலிருக்கும். உண்மையில் உருகிய உப்பு. பருத்தித் துணியைப் போட்டுச் சூடாக்கினால் பத்தே நிமிடத்தில் தேன் மாதிரி ஆகிவிடும். அதிலிருந்து புது நூல் இழுக்கலாம்.

பழைய துணியை நூலாக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார் ஒரு மில் முதலாளியம்மா. போன மாதம் அவர் எதிரிலேயே ஒரு பழைய சட்டையைக் கரைத்துக் காட்டியாயிற்று. அதிலும் மனம் நிறையாமல், இந்த முறை தன் மில் துணியையே அனுப்பியிருந்தார். பொட்டலத்தின் மேல் 'சுத்தப் பருத்தி' என்று முத்திரை. பதினொரு மணிக்கு அவரே வருகிறார். ஒப்பந்தம் கைநழுவினால் அடுத்த மாதம் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு.

"சூடு பத்தலையோ?" என்றார் மேலாளர். எதற்கெடுத்தாலும் பதறுவதால் எல்லோருக்கும் அவர் 'அவசரம்'.

சூட்டை ஏற்றினாள். திரவம் கருகிக் காப்பி நிறத்துக்கு வந்தது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஈரம் ஏறியிருக்கும் சார். தண்ணி கலந்தா இது வேலை செய்யாது."

புதுத் திரவம் ஊற்றி, ஈரத்தை இழுக்கப் பம்பை மாட்டினாள். நுரை பொங்கிக் குழாய் வழியே ஏறிப் பம்புக்குள் போனது. பம்பு நாலு தடவை இருமிவிட்டு நின்றது.

"அடப்பாவமே, பம்பும் போச்சா!"

கைபேசி அடித்தது. கணவன்.

"என்ன, கரைஞ்சுதா?"

"என் மானம்தான் கரையுது. போனை வைங்க."

வாசலில் கார் வந்து நின்றது. ஜன்னலுக்கும் மேசைக்குமாக ஓடிய அவசரம், சட்டென்று தன் கைக்குட்டையை உருவி நீட்டினார்.

"இது அசல் பருத்திம்மா. இதைக் கரைச்சு, அவங்க துணின்னு காட்டிடு. கரைஞ்சதுக்கப்புறம் யாருக்குத் தெரியப்போகுது? பத்து நிமிஷம் நான் பேச்சுல பிடிச்சு வைக்கிறேன்."

பதிலுக்குக் காத்திராமல் ஓடினார். அவள் கை, கைக்குட்டையோடு குடுவை வாய் வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு அதை நாலாக மடித்து மேசைமேல் வைத்தாள்.

முதலாளியம்மா உள்ளே வந்தார். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அவருடைய டிரைவர்.

"என்னம்மா, நம்ம துணி கரைஞ்சுதா?"

'ஆமாம் சொல்லு' என்று பின்னாலிருந்து அவசரம் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

"இல்லம்மா. என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். திரவம் கருகிடுச்சு, பம்பும் கெட்டுப்போச்சு. எங்கே தப்பு நடந்துச்சுன்னே எனக்குப் புரியல."

அவசரம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

முதலாளியம்மா குனிந்து குடுவையைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒப்பந்தத்தை எடுப்பா. இங்கேயே கையெழுத்துப் போட்டுடலாம்."

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"அம்மா, துணிதான் கரையலையே?"

பையிலிருந்து காகிதங்களை எடுத்துக்கொண்டே டிரைவர் சொன்னார்:

"அது பாலியெஸ்டர் மேடம், கரையவே கரையாது. இதுக்கு முன்னாடி போன மூணு லேப்லயும் அதையே கரைச்சுக் காட்டிட்டாங்க!"