ஹில்ஸ்பரோவில் ஒரு சிங்கப்பூர்

சிங்கப்பூரை ஒக்லாந்துக்குக் கொண்டுவந்தே தீருவது என்று கேதீஸ்வரன் முடிவு கட்டினார்.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. பென்ரோஸில் ஒரு வெயார்ஹவுஸ் சுப்பர்வைசர். லொறியில் வந்த பெட்டியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றச் சொல்லிக் கை காட்டுகிற உத்தியோகம். பெட்டியை மாற்றுகிறவனுக்கு ஒரு நகரத்தை மாற்ற எவ்வளவு நேரம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. நினைப்புக்கு மட்டும் அந்த மனுசனிடம் குறைவே இல்லை.

எல்லாம் பக்கத்து வீட்டு வைஷாலியால் வந்தது. கோயம்புத்தூர்க்காரி. வார விடுமுறைக்குச் சிங்கப்பூர் போய்வந்து, வேலிக்கு மேலால் போனை நீட்டி அவர் மனைவி கஜானிக்குப் படம் காட்டினாள்.

"அக்கா, ஒரே ரோட்டுல சீனக் கோயில், மசூதி, நம்ம மாரியம்மன் கோயில்! காலைல இட்லி, மத்தியானம் சீனச் சாப்பாடு, ராத்திரி மலாய்ச் சாப்பாடு. ரெண்டே நாள்ல நாலு நாடு பாத்த மாதிரி இருந்துச்சு. நீங்களும் அண்ணனக் கூட்டிட்டுப் போங்கக்கா!"

கஜானி ஒரு பெருமூச்சு விட்டாள். அது வேலியைத் தாண்டி, குசினியைத் தாண்டி, சோபாவில் சரிந்து கிடந்த புருசனின் அடிவயிற்றில் போய் விழுந்தது.

விழாமல் என்ன செய்யும்? ஐயாவுக்குப் பிளேன் என்றால் பயம். கொஞ்ச நஞ்சப் பயமில்லை. முதன்முதல் நியூசிலாந்துக்கு வந்தபோது, பக்கத்து சீற்றில் இருந்த சமோவாப் பாதிரியாரின் கையை எட்டிப் பிடித்தவர், ஒக்லாந்தில் பிளேனின் சில்லு நிலத்தில் பட்ட பிறகுதான் விட்டார். பாதிரியார் அந்தக் கையால் அதற்குப் பிறகு யாரையாவது ஆசீர்வதித்தாரோ தெரியாது. கேதீஸ்வரன் அதற்குப் பிறகு பிளேன் ஏறவில்லை. இதைச் சொல்லித் தொலைத்தால் பிரச்சினை முடிந்துவிடும். சொல்வாரா? மீசை வைத்த மனுசனாயிற்றே! சொந்தத் தம்பியின் கலியாணத்துக்கு "வேலை" என்றார். மச்சாளின் மகளின் சாமத்தியச் சடங்குக்கு "முதுகு நோ" என்றார். கஜானி தனியாகப் போகிறேன் என்றால், "மனுசியைத் தனிய அனுப்பினால் சனம் என்ன கதைக்கும்? போனால் ரெண்டு பேரும்தான்" என்று கண்ணை உருட்டுவார். இவர் போகமாட்டார், ஆகவே அவளும் போகக்கூடாது. அப்படி ஒரு நியாயம்.

"இஞ்சேருங்கோப்பா," என்றாள் கஜானி. "அரசற்றை பிறந்தநாளுக்கு லோங் வீக்கெண்ட் வருகுது. சிங்கப்பூர் போவமே?"

"சிங்கப்பூரோ? அங்கை என்ன கிடக்கு? நாலு கட்டிடம், ரெண்டு பூமரம், ஒரு கோப்பை நூடில்ஸ். எல்லாம் இஞ்சையே கிடக்கு."

"இஞ்சை எங்கை?"

"ஒக்லாந்திலைதான்! சீனச் சனம் இல்லையோ? மலாய்ச் சனம் இல்லையோ? நாங்கள் இல்லையோ? சுத்தவரக் கடல் இல்லையோ? சனி, ஞாயிறு ரெண்டு நாளிலை முழுச் சிங்கப்பூரையும் நான் உமக்குக் காட்டுறன். காருக்கு பெற்றோல் அடிச்சால் காணும்."

கஜானி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் எது வீரம், எது பயம் என்று அவளுக்கா தெரியாது?

"சரி. ஆனால் சனி விடியத் தொடங்கி ஞாயிறு பொழுதுபடும் மட்டும் இது சிங்கப்பூர். இடையிலை ஒருக்கால் 'இது ஒக்லாந்து' எண்டு உங்கடை வாய் தவறினாலும், உண்மையான டிக்கெட் போட வேணும்."

"தவறாட்டில்?"

"செத்தாலும் இனிச் சிங்கப்பூர் எண்ட பேச்சு எடுக்க மாட்டன்."

"சத்தியமோ?"

"பிள்ளையாராணை!"

கேதீஸ்வரனுக்கு வாயெல்லாம் பல். ரெண்டு நாள் வாயை அடக்கினால் வாழ்நாள் முழுக்க நிலத்தில் இருக்கலாம். இதைவிட லாபம் உண்டா?

சனிக்கிழமை விடிந்தது. ஜூன் மாதத்துக் குளிர். மழை வேறு. கஜானி கறுப்புக் கண்ணாடி, ஓலைத் தொப்பி சகிதம் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பெட்டி என்னத்துக்கு?"

"ஹோட்டலுக்கு. இரவிலை எங்கை படுக்கிறது, றோட்டிலையோ?"

"எங்கடை ஹில்ஸ்பரோ வீடுதான் ஹோட்டல்!" என்றார், பெரிய புத்திசாலி மாதிரி.

"நல்ல ஹோட்டலோ?"

"ஃபைவ் ஸ்டார்!"

கஜானி தலையாட்டினாள். புத்தியுள்ள புருசன் அந்தத் தலையாட்டலைப் பார்த்தே பயந்திருப்பான். இவர் காரை றிவேர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஸ்கை டவர்.

"இதுதான் மெரினா பே. அண்ணாந்து பாரும்."

"மேலை ஒரு கப்பல் நிக்குமெண்டு வைஷாலி சொன்னவள். எங்கை கப்பல்?"

"கப்பலை ஆரும் கட்டிடத்துக்கு மேலை விடுவினமோ? அந்தா, ஹாபரிலை நிக்குது."

பிறகு மிஷன் பே. கடற்கரையோரம் ஒரு நீரூற்று. ஏதோ கடல் பிராணிகள் வாயால் தண்ணீர் துப்பிக்கொண்டிருந்தன.

"இதுதான் சிங்கப்பூர்ச் சிங்கம்."

"சிங்கம் மாதிரித் தெரியேல்லையே."

"முகத்தையே பார்க்கிறீர்? வாயாலை தண்ணி வருகுதோ இல்லையோ, அதைப் பாரும்!"

பிறகு டொமெய்ன் பார்க்கில் கண்ணாடிக்கூட்டுப் பூந்தோட்டம். பிறகு சாண்ட்ரிங்ஹாம் றோட்டில் லிட்டில் இந்தியா. எல்லா இடத்திலும் கஜானி வாய் பிளந்தாள், படம் எடுத்தாள், "ஆகா, சிங்கப்பூர் எண்டால் சிங்கப்பூர்தான்" என்றாள். மனுசி ஏமாந்துவிட்டாள் என்று கேதீஸ்வரன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

ஞாயிறு காலையில் அந்தத் தாளம் நின்றது. சோபாவில் இருந்தவருக்குப் படுக்கையறையிலிருந்து போன் வந்தது.

"ஹலோ, ரிசெப்ஷனோ? ஒரு பால்தேத்தண்ணி, தோசை, சம்பல் அனுப்புங்கோ. சம்பல் நல்ல உறைப்பாய் இருக்கோணும்."

"கஜானி, விளையாடாதையும்!"

"ஃபைவ் ஸ்டாரிலை மேடம் எண்டுதான் கூப்பிடுவினம்."

"மேடமோ? இது எங்கடை..." என்று பாய்ந்தவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். பிளேன் டிக்கெட் ஒன்று மயிரிழையில் தப்பிப்போனது. "எங்கடை ஹோட்டலின்ரை பாக்கியம், மேடம்."

முதல் தோசை கல்லை விட்டு வர மறுத்தது. இரண்டாவது நியூசிலாந்து வரைபடம் மாதிரி இரண்டு துண்டாக வந்தது. அதைத் தட்டில் வைத்து மேடத்துக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், வாசல் மணி அடித்தது.

வெங்காயம் விளையும் புக்கெகோஹியிலிருந்து சிநேகிதர் ஜெயரட்ணமும் மனைவி ரத்னாவும். கையில் ஒரு மூட்டை வெங்காயம். கோயில் வாசலில் நின்று, "ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்கோ" என்று வாய் நிறையக் கூப்பிடுவது கேதீஸ்வரனின் வேலை. அதை வீட்டில் சொல்ல மறப்பதும் அவருடைய வேலை. சமைப்பது மட்டும் கஜானியின் வேலை. இத்தனை காலமும் உலகம் அப்படித்தான் ஓடியது.

"கஜானி எங்கை? கறி வாசத்தையே காணேல்லை?" என்று ரத்னா மூக்கை நீட்டினாள்.

"கஜானி... சிங்கப்பூரிலை."

"ஐயோ! எப்ப போனவ?"

"நேற்று."

"தனியவோ?"

"இல்லை. நானும்தான்."

ஜெயரட்ணம் ரத்னாவைப் பார்த்தார். ரத்னா ஜெயரட்ணத்தைப் பார்த்தாள்.

"மச்சான், வெயார்ஹவுஸிலை வேலை கூடவோ?" என்றார் ஜெயரட்ணம், மெதுவாக.

அப்போது கறுப்புக் கண்ணாடியோடு கஜானி அறைக்குள்ளிருந்து வந்தாள்.

"அட, ரத்னா! நீங்களும் சிங்கப்பூர் வந்தனீங்களோ? பாருங்கோவன், எங்கை போனாலும் எங்கடை ஆக்கள்தான்!"

கஜானி பந்தயத்தைச் சொல்லி முடித்தபோது ரத்னாவுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். "அப்ப நானும் ஹோட்டலுக்கு வந்த ஆள்தானே. எனக்கும் ஒரு பால்தேத்தண்ணி. சீனி குறைச்சு."

கேதீஸ்வரன் குசினிக்குள் போனார். ஜெயரட்ணம் பின்னால் வந்து காதைக் கடித்தார்.

"மச்சான், 'இது ஒக்லாந்து' எண்டு ஒரு சொல்லுச் சொல்லித் துலை. அவ வந்து சமைப்பா. எனக்குப் பசி."

ஒரு சொல்தான். நாக்கு நுனிவரை வந்தது. கூடவே பிளேன் கதவு மூடுகிற சத்தமும் கேட்டது. கேதீஸ்வரன் கத்தியை எடுத்து வெங்காயத்தில் வைத்தார். தாராளமாக அழுதார். வெங்காயம் நல்ல சாட்டு.

சோறு கஞ்சியாகியது. பருப்பு அடிப்பிடித்தது. புகை அலாரம் தெருவுக்கே கேட்கக் கத்தியது. நாலு பேரும் அதைச் சாப்பிட்டார்கள், அதாவது மூன்று பேர் சாப்பிட்டார்கள், ஒருவர் பரிமாறினார். புறப்படும்போது ஜெயரட்ணம் தோளில் தட்டினார்.

"ஹோட்டல் பரவாயில்லை மச்சான். சமைக்கிற கோக்கியைத்தான் மாத்தோணும்."

ஒருவழியாகப் பொழுது பட்டது. மீசையில் பருப்போடு கேதீஸ்வரன் ஹோலின் நடுவில் வந்து நின்றார்.

"வெண்டிட்டன்! ஒருக்கால் எண்டாலும் வாய் தவறினதோ?"

"இல்லையப்பா. நீங்கள் வெண்டது வெண்டதுதான். சிங்கப்பூர் பார்த்தாச்சு. இனி அந்தப் பேச்சே இல்லை."

மனுசன் சோபாவில் பொத்தென்று விழுந்தார். உடம்பெல்லாம் நோ. ஆனாலும் என்ன நிம்மதி! இனிச் சாகும் வரைக்கும் கால் நிலத்தில்தான்.

"சிங்கப்பூர் முடிஞ்சபடியாலை," என்றாள் கஜானி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அடுத்தது லண்டன். அக்கா எவ்வளவு காலமாய்க் கூப்பிடுறா. போய் ஒரு மாசம் நிக்கப்போறன்."

கேதீஸ்வரன் எழும்பி உட்கார்ந்தார். சிங்கப்பூர் என்றால் அரை நாள் வானத்தில். லண்டன் என்றால் விடிந்து, பொழுதுபட்டு, திரும்ப விடியும்.

"எனக்கு முதுகு..."

"தெரியும். நீங்கள் வரத் தேவையில்லை. நான் மட்டும்தான்."

"தனியவோ? சனம் என்ன கதைக்கும்? போனால் ரெண்டு பேரும்தான்!"

"ஒரு இடத்தைப் பார்க்கிறதுக்கு அங்கை போகத் தேவையில்லை எண்டு ரெண்டு நாளாய்க் காட்டினது ஆர்? ஜெயரட்ணம் அண்ணையும் ரத்னாவும் சாட்சி. கோயிலிலை இப்ப முழுச் சனத்துக்கும் தெரிஞ்சிருக்கும். நீங்கள் ஏன் கூட வரேல்லை எண்டு இனி ஆரும் கேக்கமாட்டினம்."

கேதீஸ்வரன் குசினிப் பக்கம் பார்த்தார். கரிந்த சட்டி. கழுவாத கோப்பைகள். வருகிற ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கோயில் வாசலில் யார் யாரைக் கூப்பிட்டோம் என்பது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அழுகை வந்தது. இந்தத் தடவை சாட்டுக்கு ஒன்றும் இல்லை.

"அப்ப நான்?" என்றார்.

"நீங்கள் பயப்பிடாதேங்கோப்பா," என்று கஜானி அவர் மீசையைத் துடைத்துவிட்டாள். "நான் போயிட்டு வந்து லண்டனை உங்களுக்கு ஒக்லாந்திலையே காட்டுறன்."