ஆராய்ச்சியிலிருந்து என்னை இறக்கிவிடுங்கள், மாப்பிள்ளை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் வயிறு நீங்கலாக அனைவரும் நலம். வயிறும் நலம்தான், அதை இந்த வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மகள் பக்கத்திலேயே நின்றுகொள்கிறாள். நான் ஒரு வார்த்தை பேசினால் அவள் அம்மா கட்சியில் நின்று பத்து வார்த்தை பேசுகிறாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகையால் தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

விஷயம் இதுதான். என்னை நீங்கள் ஏற்றிவிட்ட அந்த ஆராய்ச்சியிலிருந்து நீங்களே இறக்கிவிட வேண்டும். நல்லெண்ணத்தில்தான் சேர்த்துவிட்டீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேறு யாராவது சேர்த்திருந்தால் அந்த ஆளை இந்நேரம் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். மாப்பிள்ளை என்பதால் பண்போடு எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். வயிற்றில் கட்டி என்று சொல்லி முக்கால் வயிற்றை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு தைத்து அனுப்பினார்கள். உயிர் பிழைத்தேன், அதற்கு நன்றி. ஆனால் அதன் பிறகு சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, சட்டை நனைய வேர்க்கிறது, படுத்தே ஆக வேண்டியிருக்கிறது. அது அடங்கி எழுந்து நடமாடலாம் என்று பார்த்தால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது. இதற்கு டம்பிங் என்று பெயராம். வயிற்றின் வாசலில் இருந்த தடுப்பு போய்விட்டதாம். டிப்பர் லாரி மண்ணைக் கொட்டுகிற மாதிரி சாப்பாடு மொத்தமாகக் குடலில் போய்க் கொட்டிவிடுகிறதாம். டாக்டரம்மா அப்படித்தான் விளக்கினார். அதாவது பிரேக் இல்லாத வண்டி. இத்தனை காலம் டிரைவிங் ஸ்கூல் நடத்தி, பிரேக் எது கிளட்ச் எது என்று தெரியாதவர்களையெல்லாம் ஒழுங்காக ரோட்டுக்கு அனுப்பிவைத்த எனக்கு இப்படி ஒரு வயிறு. அதோடு விட்டாரா? கண் இருட்டுகிறவர் வண்டியைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். உங்கள் அத்தை அன்றைக்கே சாவியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஸ்கூல் பூட்டிக் கிடக்கிறது. வண்டி வாசலில் நிற்கிறது, நான் ஜன்னலில் நிற்கிறேன். வயிறு போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், மாப்பிள்ளை. ஸ்டியரிங் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் நீங்கள் இந்த ஆராய்ச்சியைக் கண்டுபிடித்துச் சொன்னீர்கள். டம்பிங்குக்குப் புது மருந்து, அது நின்றுவிட்டால் மறுபடி வண்டி ஓட்டலாம் என்றீர்கள். நானும் நம்பிப் போனேன். போன பிறகுதான் தெரிகிறது, வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் மருந்தாம். மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரையாம். எனக்குக் கிடைத்தது எது என்று எனக்குத் தெரியக் கூடாது. போகட்டும். ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மாவுக்கும் தெரியாதாம். ஓட்டுகிறவருக்கே எந்த ரோடு என்று தெரியாவிட்டால் ஏறி உட்கார்ந்தவன் என்ன செய்வது? உங்கள் அத்தைக்கு இந்த ரகசியமெல்லாம் ஆகாது. ஒரு மாத்திரையின் கூட்டைப் பிரித்து உள்ளே இருந்ததை நாக்கில் போட்டுப் பார்த்துவிட்டு, வெறும் மாவு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அடுத்த முறை போனபோது அவர்கள் மாத்திரைகளை எண்ணினார்கள், எண்ணிக்கை சரியாகவே இருந்தது, நான் தப்பித்தேன் என்று மூச்சு விடுவதற்குள், "அதுல ஒண்ணு நான் சாப்பிட்டுப் பார்த்தேங்க" என்று இவளே சொல்கிறாள். உடனே அவளை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள், தலை சுற்றுகிறதா என்று விசாரித்தார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். நோயாளியான நான் நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு வரச்சொல்லி, பெரிய தம்ளர் நிறைய சர்க்கரைத் தண்ணீரைக் கையில் கொடுத்தார்கள். வீட்டில் ஒரு மிட்டாயை நான் உற்றுப் பார்த்தாலே உங்கள் அத்தை டப்பாவை இடம் மாற்றிவிடுவாள். இங்கே அவர்களே முழுவதையும் குடிக்கச் சொல்கிறார்கள். நர்ஸ் நாடியைப் பிடித்துக்கொண்டார், டாக்டரம்மா என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எப்போது வேர்க்கும் என்று அந்த அறையே காத்திருந்தது. வேர்க்கவில்லை. பஸ்ஸிலும் வங்கி வரிசையிலும் வந்து என் மானத்தை வாங்கிய டம்பிங், அழைப்பு வைத்துக் கூப்பிட்ட அன்று வரவில்லை. லைசென்ஸ் தேர்வில் வண்டியைப் பாதியில் அணையவிட்டவனைப் பார்ப்பது போல டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சரி என்று எழுந்து வந்து லிஃப்டில் கால் வைத்தேன், வந்துவிட்டது. லிஃப்டை இயக்குகிறவர் தோளில் சாய்ந்தபடியே கீழே வந்து சேர்ந்து, கொஞ்சம் தெளிந்ததும் மேலே போய், இதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பரிசோதனை நேரம் முடிந்துவிட்டதாம், கணக்கில் வராதாம். என் மயக்கம் எப்போது வர வேண்டும் என்பதற்கு இவர்களிடம் அட்டவணை இருக்கிறது. கணக்கில் வராத மயக்கத்தை இனி யாரிடமும் சொல்வதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

இதற்குள் வாரந்தோறும் போனில் கேள்வி கேட்பவர் ஒருவர் கிளம்பினார். படபடப்புக்கு எத்தனை, வேர்வைக்கு எத்தனை, மயக்கத்துக்கு எத்தனை என்று பத்துக்கு மதிப்பெண் கேட்பார். நான் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் என்பேன். எத்தனை பேருக்குத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். பாஸ் ஆனால்தான் சாவி என்பது எனக்குத் தெரியாதா? நான் பூஜ்யம் என்று சொல்லி முடிப்பதற்குள் சமையலறையிலிருந்து "எட்டு" என்று உங்கள் அத்தையின் குரல் வரும். எதை எழுதுவது என்று அவர் தவிப்பார். போன வாரம் டாக்டரம்மாவே கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆராய்ச்சியின் முதல் பகுதி இந்த மாதக் கடைசியில் முடிகிறதாம். இன்னும் தொந்தரவு இருக்கிறவர்களுக்கெல்லாம் அடுத்த பகுதியில் உண்மையான மருந்தையே கொடுப்பார்களாம். பூஜ்யம் என்றால் மருந்து கிடையாது. ஆனால் வண்டி ஓட்டலாம் என்று கையெழுத்துப் போடுவாராம், அதற்கும் வீட்டில் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம். எட்டு என்றால் மருந்து உண்டு, வண்டி கிடையாது. இதென்ன நியாயம்? எனக்கு வண்டிதான் வேண்டும்.

சாட்சிக்கு உங்கள் அத்தையைக் கூப்பிட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அவள் செய்த காரியத்தையும் கேளுங்கள். என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆள் வேண்டும் என்று சொல்லி, எதிர்ச் சாரியில் ஸ்கூல் நடத்துகிறானே, என்னிடமே ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டு போனவன், அவனிடம் போய் டிரைவிங் கற்றுக்கொண்டாள். லைசென்ஸும் வாங்கிவிட்டாள். வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது ஏன் இப்படி மானத்தை வாங்குகிறாய் என்று கேட்டேன். "நீங்க கத்துவீங்க. அங்க யாரும் கத்துறதில்ல" என்கிறாள். நான் என்றைக்குக் கத்தினேன்? ரோட்டில் சத்தம் அதிகம், காதில் விழுகிற மாதிரி பேசினேன், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எழுத்து கோணலாக இருந்தால் தப்பாக நினைக்க வேண்டாம். படுத்தபடி எழுதுகிறேன். சாப்பிட்டவுடன் படுப்பது நல்லது என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார், வேறொன்றும் இல்லை. சட்டை மாற்றியது வெயிலுக்காக.

ஆகவே நீங்கள் டாக்டரம்மாவுக்கு ஒரு போன் செய்து, மாமா நன்றாக இருக்கிறார், நானே கண்ணால் பார்த்தேன், ஆராய்ச்சியிலிருந்து விட்டுவிடுங்கள், வண்டி ஓட்டட்டும் என்று சொல்ல வேண்டும். நீங்கள் என்னைப் பார்த்து நாளாகிவிட்டது என்பது எனக்கும் தெரியும். கேட்டால் வீடியோவில் பார்த்தேன் என்று சொல்லலாம். வீடியோவில் நான் நன்றாகத்தான் தெரிகிறேன்.

உங்கள் இல்லத்தில் எதற்கும் குறைவில்லாமல் இருக்கட்டும், முக்கியமாகச் செரிமானத்துக்கு. மகளுக்கு என் ஆசிகள். அவளிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விட வேண்டாம்.

இப்படிக்கு,
பூரண ஆரோக்கியத்துடன்,
உங்கள் மாமனார்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தபால் பெட்டிவரை நானே வண்டியில் போய்ப் போட்டுவிட்டு வந்தால் உங்களுக்கும் தைரியமாகச் சாட்சி சொல்ல வருமே என்று, உங்கள் அத்தை குளிக்கப் போன நேரத்தில் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அந்தச் சுகத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. சாவியைப் போடப் போனால் துவாரம் இரண்டாகத் தெரிந்தது. கை உதறியது. வண்டிக்கு முன்னால் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். சாவி மட்டும் சரியாகப் போயிருந்தால் என்று நினைத்தேன்; எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது, மாப்பிள்ளை. ஆபரேஷனுக்குப் போனபோதுகூட இப்படிப் பயப்படவில்லை.

ஈரத் தலையோடு உங்கள் அத்தை வந்தாள். திட்டவில்லை. "நகருங்க" என்று மட்டும் சொல்லி, என்னைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளி, வாயில் ஒரு மிட்டாயைப் போட்டு, நேரே இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். போனில் கேள்வி கேட்பவர் இன்று நேரிலேயே இருந்தார். மயக்கத்துக்கு எத்தனை என்று கேட்டார்.

"ஒன்பதுன்னு போட்டுக்கோங்க" என்றேன்.

"எட்டு போதும்" என்றாள் உங்கள் அத்தை. "வண்டி வரைக்கும் நடந்து போயிருக்கார்ல."

அடுத்த பகுதியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே மேலே நான் கேட்ட எதையும் செய்துவிடாதீர்கள். தவறிப்போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன். இந்தப் பின்குறிப்பை மட்டும் மகளுக்குப் படித்துக் காட்டலாம். இன்னொன்று, பயிற்சி வண்டி ஆனதால் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வழி முழுக்க அதன் மேலேயே கால் வைத்துக்கொண்டு வந்தேன். மிதிக்க அவள் ஒரு சந்தர்ப்பம்கூடக் கொடுக்கவில்லை. இதை உங்கள் அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.