தலத்தெருவில் ஒரு பாரீஸ்

‘சனிக்கிழமை திருநள்ளாறு வர்றோம். காரைக்கால்ல உங்க வீடு பூட்டித்தானே கிடக்குது? சாவி யார்கிட்ட இருக்கு?’

உத்திராபதி அனுப்பியிருந்த செய்தியைச் சோமசேகரன் இரண்டு தரம் படித்தார். பூட்டிக் கிடப்பதாக நம்பப்பட்ட அதே தலத்தெரு வீட்டுக் கூடத்தில்தான், கைலியும் பனியனுமாக மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். உத்திராபதியைப் பொறுத்தவரை அவர் இருப்பது பாரீஸ்.

சோமசேகரன் பொய் சொல்லும் ஆள் இல்லை. எல்லாம் சனி பகவானால் வந்தது. காரைக்காலில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். ஊர்ப் பேரைச் சொன்னால் போதும், “அட, திருநள்ளாறு பக்கத்துலதானே?” என்று எதிராளி முகம் மலரும். அடுத்த சனிக்கிழமை வாசலில் வேன் நிற்கும். வேனிலிருந்து எண்ணெய்த் தலைகளும் ஈரத் துணியும் ஏழரைச் சனியும் இறங்கும்.

அப்படி ஒரு கூட்டம் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போன நாளில்தான் அவர் ‘உலகமும் நாமும்’ வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். எந்த ஊர் என்று கேட்டார்கள். ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி தமிழரசி நிமிர்ந்து, “காரைக்கால்ல இருக்கேன்னு மட்டும் சொல்லிப் பாருங்க” என்றாள். மைத்துனன் பாரீசில் இருக்கும் ஞாபகத்தில், ‘பிறந்தது காரைக்கால், இருப்பது பாரீஸ்’ என்று அடித்துவிட்டார்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். எண் மட்டும் இந்திய எண்ணாக இருக்கிறதே என்றார்கள். தாய்நாட்டுப் பற்று என்றார். பொழுது விடிந்து இரண்டு காபி குடித்த பிறகும் ‘காலை வணக்கம்’ போடாமல் பாரீசுக்கு விடியட்டும் என்று காத்திருந்தார். அங்கே குப்பை அள்ளுபவர்கள் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தபோது, தெருமுனைக் குப்பைத்தொட்டியைப் பார்த்து உணர்ச்சிகரமாக ஒரு கட்டுரையே எழுதினார். கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் உட்கார்ந்து வரைந்த ஃபைபர் படகை, பாரீசின் சேன் நதிப் படகு என்று அனுப்பினார். படகோரம் மீன் கூடையோடு நின்ற பெண்மணியைப் பற்றி நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

குழு மெல்லச் சுருங்கி மூன்று பேரில் வந்து நின்றது. தீக்குச்சிகளால் கோபுரம் கட்டும் திருச்சி உத்திராபதி, துணிப் பொம்மை தைக்கும் கரூர் முத்தமிழ் அம்மா, இவர். எண்ணெய் விலையிலிருந்து ஏதோ ஒரு நாட்டு எல்லைச் சண்டை வரைக்கும் மூவரும் அடித்துக்கொள்வார்கள். சாயங்காலம் இவர் ஒரு படம் போட்டால் சண்டை நின்றுவிடும்.

“உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்” என்றாள் தமிழரசி.

“சொன்னா போயிடுவாங்கடி. என் படத்தைப் பாக்க வேற யாரு இருக்கா?”

“ஏன், நான் பாக்கலையா?”

“நீ பாத்து என்ன சொன்ன? படகு, பல்லி செத்துக் கிடக்கிற மாதிரி இருக்குன்ன.”

அவர் குரல் கம்மியிருந்தது தமிழரசியை என்னவோ செய்தது.

அவர் கட்டைவிரல் அதற்குள் பதில் அனுப்பிவிட்டது. ‘வாட்ச்மேன் பஞ்சநாதன் இருக்கிறார். அவர் பார்த்துக்கொள்வார்.’

“யாருங்க அந்தப் பஞ்சநாதன்?”

“நான்தான்.”

“அப்ப நான்?”

“நீ பூவத்துல உங்க அக்கா வீட்டுக்கு…”

“அதெல்லாம் முடியாது. பாரீஸ்காரர் சம்சாரம் ஊரோட இருக்கக் கூடாதா? நான் நானாவே இருக்கேன். நீங்க வாட்ச்மேனா இருங்க.” சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது நல்லதற்கில்லை என்று சோமசேகரனுக்கு அப்போதே தோன்றியது.

சனிக்கிழமை பகலில் கார் வந்து நின்றது. முண்டாசு, மூக்கை மூடிய மாஸ்க் சகிதம் ஓடினார் சோமசேகரன். அடையாளம் தெரியக்கூடாதென்று கண்ணாடியைக் கழற்றியிருந்ததால் எல்லாம் மங்கல். முதலில் இறங்கிய உருவத்தின் கையைப் பிடித்து, “வாங்க வாங்க உத்திராபதி ஐயா!” என்று குலுக்கினார்.

“நான் டிரைவருங்க” என்றது உருவம்.

பின்னால் இறங்கிய இரண்டு பேரும் இருமினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் எப்படி இருமல் வந்தது என்று யோசிக்க அவருக்கு அவகாசமில்லை.

“பஞ்சநாதா!” என்று உள்ளேயிருந்து தமிழரசி அதட்டினாள். “தண்ணி கொண்டாந்து குடுப்பா. நின்னா நின்ன இடம்!”

முப்பது வருஷத்துக் கணக்கை அவள் ஒரே மத்தியானத்தில் தீர்த்துக்கொண்டாள். பஞ்சநாதன் நாற்காலி போட்டார், இலை போட்டார், வெளியே போய் வெற்றிலை வாங்கி வந்தார். சமையலறைப் பக்கம் வந்தபோது அவள் கிசுகிசுத்தாள். “ஏங்க, குளத்துல முழுகின தலையா இது? எண்ணெய் வாசனையே இல்லையே.”

“சீயக்காய் போட்டுக் குளிச்சிருப்பாங்க. உனக்கென்ன வந்துது இப்ப?”

கூடத்தில் உத்திராபதி சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவின் முன்னால் நின்றார். அதைக் கழற்ற மறந்துபோயிருந்தது. போட்டோவைப் பார்த்தார். பஞ்சநாதனைப் பார்த்தார்.

“ஐயாவும் நானும் கொஞ்சம் ஒரே ஜாடைங்க” என்றார் பஞ்சநாதன். “தூரத்து சொந்தம்.”

“சேச்சே, நீங்க அவரைவிட லட்சணம்” என்றார் உத்திராபதி.

முத்தமிழ் தமிழரசியிடம், “அவர் அவ்வளவு தூரத்துல இருக்கிறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையாங்க?” என்று கேட்டார்.

“பக்கத்துல இருந்தாலும் போனுக்குள்ளதாங்க இருப்பாரு.”

“அதுவும் சரிதான். போன் போடுங்க உத்திராபதி, சோமு சாரை வீடியோவுல பாத்துடுவோம். அவர் வீட்டுலயே உக்காந்து அவர்கிட்ட பேசலாமே!”

பஞ்சநாதனுக்கு உடனே மோட்டார் போடும் வேலை ஞாபகம் வந்தது. சுவிட்சைத் தட்டிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். மைத்துனன் கொடுத்த ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, பின்னால் வெள்ளைச் சுவர். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது.

“என்ன சோமு, இப்படி வேர்க்குது?”

“ரூம்ல ஹீட்டர் ஜாஸ்திங்க.”

“காக்கா சத்தம் கேக்குதே?”

“இங்கயும் காக்கா உண்டுங்க. கொஞ்சம் வெளுப்பா இருக்கும்.”

பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த ஹஃபீஸா எட்டிப் பார்த்தார். “சோமு அண்ணே! இந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு என்ன பண்றீங்க? காய்ச்சலா?”

“பக்கத்து வீட்டு பிரெஞ்சுக்கார அம்மா” என்றார் சோமசேகரன், போனுக்குள். “தமிழ் கத்துக்கிறாங்க.”

“யாரு பிரெஞ்சுக்காரி? அண்ணே, டேங்க் நெறஞ்சு கொட்டுது, மோட்டாரை நிறுத்துங்க!”

கீழே கூடத்து ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் அருவியாக விழுந்தது. போன் திரையில் உத்திராபதி ஜன்னலைப் பார்த்தார். “பாரீஸ்ல மழையா சோமு?”

“லேசா” என்று சொல்லிவிட்டு அணைத்தார்.

ஸ்வெட்டரை எறிந்துவிட்டு, மாஸ்க்கோடு கீழே வந்தபோது கூடத்தில் சிரிப்பு அடங்கியிருந்தது. முத்தமிழ் அலமாரியிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் கூடைப் பெண்மணி படத்தை மட்டும் நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

“பஞ்சநாதன், உங்க ஐயாகிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் எனக்கு சாயங்காலம்னாலே பயம். இவர் படம் வரும்னுதான் ஒவ்வொரு நாளும் சாயங்காலத்தைத் தாண்டினேன். எந்த ஊர்ல இருந்து வந்தா என்ன? படம் வரணும், அவ்வளவுதான்.”

இத்தனை நல்ல மனுஷியை ஏமாற்றுகிறோமே என்று சோமசேகரனுக்கு நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. வருவது வரட்டும் என்று மாஸ்க்கில் கை வைத்தார். “அம்மா, நான் வந்து…”

“நேரமாச்சு பஞ்சநாதன்” என்று முத்தமிழ் சட்டென்று எழுந்தார். “எதுவும் சொல்ல வேணாம். இந்த வர்ணப் பெட்டியை அவர்கிட்ட சேர்த்துடுங்க. நாளைக்குப் படம் வந்துடணும்.”

கார் கிளம்பியது. சோமசேகரன் முண்டாசை அவிழ்த்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தமிழரசி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

“கோயிலுக்கு வந்தவங்க, போற வழியில நம்மளையும் எட்டிப் பாத்திருக்காங்க” என்றார் அவர். “அவங்ககிட்ட போய் இப்படி வேஷம் கட்டிட்டேனேடி.”

தெருமுனையில் கார் நின்றது. டிரைவர் மட்டும் திரும்பி ஓடிவந்தார். முத்தமிழ் மூக்குக் கண்ணாடிக் கூட்டை மறந்து வைத்துவிட்டாராம்.

எடுத்துக் கொடுத்தபடி சோமசேகரன் பேச்சுக்குக் கேட்டார். “சனிக்கிழமையாச்சே. கோயில்ல கூட்டம் அதிகமா தம்பி?”

“கோயிலா? வாசலைத் தாண்டித்தான் வந்தோம், நிறுத்தட்டுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டாங்களே சோமு சார்! திருச்சியில வண்டி எடுத்ததுலேருந்து ரெண்டு பேரும், ‘பாரீசுக்கு இன்னும் எவ்வளவு தூரம் தம்பி, பாரீசுக்கு இன்னும் எவ்வளவு தூரம்’னு ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கிட்டு வந்தாங்க!”