தக்காளிக்கு மட்டும் டிக்கெட்

ஓசூர்

பெருமதிப்பிற்குரிய பூங்கொடி அண்ணிக்கு, சுவாதி வணக்கத்துடன் எழுதுவது. தெருவே தூங்கிவிட்ட இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். உங்கள் தம்பி கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். பாப்பா தன்விகாவும் இப்போதுதான் தூங்கினாள். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் உங்கள் போனுக்கு வருவதையெல்லாம் அண்ணன் எடுத்து, வீடே கேட்கும்படி வாசிப்பார் என்பதால் கடிதம். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள், உங்கள் முட்டி வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த செமஸ்டருக்கு நீங்கள் தருவதாகச் சொன்ன பீஸ் பணம் வேண்டாம் அண்ணி. நானே கட்டப் போகிறேன். போன பொங்கலுக்கு அண்ணன் எல்லோர் முன்னாலும், "படிக்கிறதும் நம்ம செலவு, பஸ்ஸும் நம்ம செலவா?" என்று கேட்டாரே, அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் என் ஆதாரில் ஆனேக்கல் அம்மா வீட்டு முகவரிதான் இருக்கிறது. கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு அவர்கள் அரசுப் பஸ் இலவசம். நம் பக்கம் டவுன் பஸ் எல்லாப் பெண்களுக்கும் இலவசம். ஆக, ஓசூரில் டவுன் பஸ் ஏறி, ஜூஜூவாடியில் இறங்கி, பார்டரை நடந்து தாண்டி, அத்திப்பள்ளியில் அவர்கள் பஸ்ஸைப் பிடித்தால், பெங்களூர் யுனிவர்சிட்டி வாசல் வரைக்கும் காலணா செலவில்லை. இரண்டு அரசாங்கமும் சேர்ந்து என்னை எம்.காம். படிக்க வைக்கின்றன. மிச்சமாகும் பஸ் காசை அன்றன்றைக்கே தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். இந்த மாதமும் இப்படியே ஓடிவிட்டால் பீஸ் முழுசும் சேர்ந்துவிடும்.

சங்கடம் இல்லாமல் இல்லை. பார்டரில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஒரு ஜோடி செருப்பு போயிற்று. பிள்ளையைப் பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் அக்காவிடம் விட்டுவிட்டு, கிளாஸுக்குக் கிளாஸ் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவரே பொறுக்காமல், "பாப்பா நல்லாத்தான் ஆடிக்கினு கீது. உன் குரல கேட்டாதான் அழுவுது. போன் பண்ணாம படிம்மா" என்று வைத்துவிட்டார். அந்த ரீசார்ஜ் காசும் இப்போது மிச்சம்.

அப்புறம் தக்காளி. ராயக்கோட்டை மார்க்கெட்டில் விலை விழுந்து பெட்டி பெட்டியாகச் சும்மா தருகிற மாதிரி தந்தார்களா, யுனிவர்சிட்டி ஹாஸ்டல் பெண்கள் ரூமில் ஒளித்து இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சமைக்கிறார்களே, அவர்களுக்கு விற்றால் நாலு காசு பார்க்கலாம் என்று ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கண்டக்டர் என் ஆதாரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"நீங்க ஆனேக்கல், ஃப்ரீ. தக்காளி எந்த ஊரும்மா?"

"ராயக்கோட்டை."

"அப்ப அது தமிழ்நாடு. லக்கேஜ் டிக்கெட் எடுங்க."

எடுத்தேன். பெட்டிக்கு டிக்கெட், எனக்கு இல்லை. சந்தாபுரம் தாண்டி டிரைவர் போட்டாரே ஒரு பிரேக், பெட்டி சாய்ந்து, பக்கத்தில் நின்ற பையனின் வெள்ளை பேண்ட் முழுக்கச் சட்னி. "மேடம், எனக்கு இன்னிக்கு இன்டர்வியூ" என்றான், அவ்வளவுதான். என் பையில் கிடந்த தன்விகாவின் துண்டை நனைத்துத் துடைத்துவிட்டேன், இன்னும் பரவியது. பின்சீட்டு அம்மா ஒருத்தர், "விடுப்பா, சாயங்காலம் வரைக்கும் உன்ன யாரும் மறக்க மாட்டாங்க" என்று ஆறுதல் சொன்னார். நசுங்கியதுபோக மீதியை ஹாஸ்டலில் விற்றேன். அவர்கள் தாளித்த வாசனையில் வார்டன் வந்து அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பாவம், என்னால் பட்டினி. அதனால் இப்போது தினமும் அஞ்சு பேருக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறேன், ஆளுக்கு முப்பது ரூபாய். பாருங்கள் அண்ணி, நஷ்டத்தில் ஆரம்பித்தது வியாபாரமாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆகவே, உங்கள் பணம் உங்களிடமே இருக்கட்டும். முட்டிக்கு நல்ல டாக்டராகப் பாருங்கள். அண்ணனிடம், சுவாதி தன் காலிலேயே நடந்து படிக்கிறாள் என்று சொல்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் மூன்று பேரின் அன்பும் வணக்கமும். உங்கள் வீட்டில் எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுவாதி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது போனைப் பார்த்தேன். சாயங்காலமே ஒரு மெசேஜ் வந்து கிடக்கிறது. என் ஆதார் முகவரி ஓசூருக்கு மாறிவிட்டதாம். உங்கள் தம்பியை எழுப்பிக் கேட்டேன். "நான்தான் மாத்துனேன். ரேஷன் கார்டுல பேரு சேக்கணும்னு நாலு வருசமா சொல்லிக்கிட்டு கெடந்தியே. அன்னிக்கி பாப்பாக்கு சோறு ஊட்டிக்கிட்டே ஓடிபி சொன்னியே, அது இதுக்குத்தான். திடீர்னு சொன்னா சந்தோசப்படுவேன்னு சொல்லாம வச்சிருந்தேன்" என்றார். எனக்காக அரை நாள் லீவு போட்டு அலைந்திருக்கிறார், திட்டவும் முடியவில்லை. பழைய கார்டையே காட்டிக்கொண்டு போ என்கிறார். இத்தனை நாள் கார்டில் உள்ளதைத்தான் காட்டினேன். இனிமேல் அந்தக் கண்டக்டர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வராது அண்ணி. பஸ் காசு போனால் புளிசாதத்தில் மட்டும் பீஸ் சேராது. பணம் வேண்டாம் என்று மேலே எழுதியதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். பீஸ் கட்ட வேண்டிய கடைசி நாள் இந்த மாதக் கடைசி. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.