எண்ணெய் குடிக்காத வண்டி

ஒரு பொருளின் குறைக்கும் குணத்துக்கும் என்ன வேறுபாடு என்று உலகம் நெடுங்காலமாகக் குழம்பிக்கொண்டிருந்தது. ஐயந்திரிபற விடை கண்டவர்கள் ஜெர்மனியின் ஸ்வாபியாக்காரர்கள். ஒரு காரியத்தை ஒரு வண்டி மட்டும் செய்தால் அது குறை. எல்லா வண்டிகளும் செய்தால் அது குணம். குறையென்றால் கம்பெனி செலவில் சரிசெய்ய வேண்டும்; குணமென்றால் வாங்கியவர் அனுசரித்துப் போக வேண்டும். இதைவிடத் தெளிவான கொள்கை கல்யாணத்துக்குக்கூடக் கிடையாது.

ஹால்டிங்கன் ஊரில் வீட்டுக்கு ஒரு ஃபெல்டாக் கார். தொழிற்சாலை பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்தது. ஊரில் பாதிப்பேர் அங்கே வேலை பார்த்தார்கள். மீதிப்பேர் அந்தப் பாதிப்பேருக்குச் சம்பந்திகள். காரின் எஞ்சின் ஆயிரத்து நானூறு சி.சி., நான்கு சிலிண்டர், பெட்ரோல், டர்போ. தான் வெளியே விடுகிற புகையைக் கொண்டே ஒரு சின்னக் காற்றாடியைச் சுழற்றி, அந்தக் காற்றாடியைக் கொண்டே தனக்கு வேண்டிய காற்றை உள்ளே திணித்துக்கொள்ளும். விட்ட மூச்சிலிருந்து அடுத்த மூச்சைச் சம்பாதிக்கும் இந்தச் சிக்கனம் ஸ்வாபிய மனத்துக்கு மிகவும் பிடித்திருந்தது. நூற்றைம்பது குதிரைத் திறன் என்று விளம்பரம் சொன்னது. பொய்யில்லை. குதிரைகள் நூற்றைம்பதும் இருந்தன. தாகம்தான் சற்று அதிகம்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் எண்ணெய் குடித்தது. குளிர்காலக் காலையில் முடுக்கினால் டைமிங் சங்கிலி, தகரத்தில் கொண்டைக்கடலை கொட்டியதுபோல் கடகடத்தது. வால்வுகளில் கரி படிந்தது. மேட்டில் ஏறும்போது டர்போ திடீரென்று வைராக்கியம் பூண்டு துறவறம் மேற்கொண்டது. எங்கெங்கே புகையுண்டோ அங்கங்கே நெருப்புண்டு என்பது பழைய தர்க்கம். எங்கெங்கே ஃபெல்டாக் உண்டோ அங்கங்கே புகையுண்டு என்பது ஹால்டிங்கன் தர்க்கம்.

மனிதன் எதையும் முதலில் சகிக்கிறான், பிறகு அலங்கரிக்கிறான். காரின் டிக்கியில் கிடந்த எண்ணெய்ப் புட்டிக்கு ஒரு பெண்மணி கம்பளிச் சட்டை பின்னினாள். அடுத்த கிறிஸ்துமஸ் சந்தையில் புட்டிச் சட்டைகள் மூன்று அளவுகளில் விற்றன. சட்டையில்லாத புட்டியோடு வருகிறவரை ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது. சனிக்கிழமை முறைவைத்துத் தெருவைப் பெருக்க வருகிற அக்கம்பக்கத்தார் "சௌக்கியமா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எவ்வளவு குடிக்குது?" என்று கேட்டார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊரில் மருத்துவச்சி ரோஸ்விதா ஐஸெலே ஒரு ரகசியத்தோடு வாழ்ந்துவந்தாள். அவளுடைய ஃபெல்டாக் எண்ணெய் குடிக்கவில்லை. கடகடக்கவில்லை. மேலே மலைக் கிராமங்களில் எந்த வீட்டில் வலி கண்டாலும் பனியில் ஏறிப்போய் நேரத்துக்குக் கொண்டு சேர்த்தது. அக்கம்பக்கத்தார் கேட்டால் மட்டும், "ஏதோ, அரை லிட்டர்" என்று நாணத்தோடு சொல்லிவைப்பாள்.

நவம்பரில் வண்டிக்குத் தகுதி ஆய்வு வந்தது. நம்பர் பலகையில் புது வில்லை ஒட்டாவிட்டால் வண்டி நகரக் கூடாது. டிசம்பர் நடுவில் ஹின்டர்ஸ்டைக் கிராமத்தில் சிபிலா ஷ்ட்ராப்புக்குத் தலைப்பிரசவம். அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. அடுத்த மருத்துவச்சி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாள்; அவளிடம் இருந்ததும் ஃபெல்டாக், அதுவும் குணமுள்ள ஃபெல்டாக்.

ஆய்வாளர் டீட்ஹெல்ம் கூர்ஃபெஸ் பிரேக்கை மிதித்தார், விளக்கைப் போட்டார், டயரைத் தடவினார். பிறகு எஞ்சினை முடுக்கிவிட்டு, ரயிலுக்குக் காத்திருப்பவர்போல் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். எஞ்சின் அடக்க ஒடுக்கமாக ஓடியது.

"ஐஸெலே அம்மா, சங்கிலி சத்தம் போடணுமே?"

"போடலையே."

"போடலைங்கறது எனக்கும் கேக்குது. ஏன் போடலை?"

"இறுக்கமா இருக்குன்னு நினைக்கிறேன்."

"நினைக்கறதெல்லாம் இருக்கட்டும். எண்ணெய் எவ்வளவு ஊத்துறீங்க?"

"ஊத்துறதே இல்லைங்க. வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறதோட சரி."

கூர்ஃபெஸ் பேனாவைக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

விஷயம் இதுதான். போன வருஷம் கம்பெனியார் அமைச்சகத்துக்கு எழுதி, மேற்படி எண்ணெய்ச் செலவும் மேற்படி சத்தமும் இந்த எஞ்சினுடைய வகைக் குணங்கள் என்று பதிவுசெய்துகொண்டார்கள். வகைச் சான்றில் கண்ட குணங்கள் இல்லாத வண்டியில் யாரோ அனுமதியின்றிக் கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். கைவைத்த வண்டிக்கு இயங்கும் உரிமை கிடையாது.

"பிரேக் நல்லா இருக்கா?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

"பிரமாதம்."

"டயரு, விளக்கு, புகை?"

"புகையே இல்லை. அதைப் பத்தி நான் பேசவே வேண்டாம்னு பாத்தேன்."

"அப்ப நல்லா ஓடுற வண்டியை ஓட்டக் கூடாதுங்கறீங்க."

"யாரு சொன்னா? தாராளமா ஓட்டலாம். முதல்ல அது ஃபெல்டாக்கா இருக்கணும். ஒரு மாசம் டைம் தர்றேன். சரிபண்ணிக் கொண்டாங்க."

கம்பெனிப் பட்டறையில் ரோஸ்விதாவைக் கண்ணாடிக் கூடத்தில் உட்காரவைத்து, காபியும் வெண்ணெய் தடவிய ப்ரெட்ஸெல் ரொட்டியும் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் ஆலோசகர் லென்னார்ட் பாய்ர்லே, சாவு வீட்டுக்கு வந்தவர்போலக் கையைக் கோத்துக்கொண்டு எதிரே அமர்ந்தார்.

"இப்படி ஒரு கேஸ் எங்களுக்கு வந்ததே இல்லைம்மா. நாலு வருஷமா எவ்வளவோ பேர் வந்து கத்தியிருக்காங்க. ஒருத்தர்கூட எண்ணெய் குடிக்கலைன்னு புகார் சொன்னதில்லை."

"நான் புகார் சொல்லலையே."

"உங்க பெருந்தன்மை அது. ஆனா ஒரே ஒரு வண்டியில வர்றதால இது குறை. குறைன்னா உத்தரவாதம் உண்டு. உங்களுக்கு ஒரு சென்ட் செலவில்லை."

"எண்ணெய் குடிக்குதுன்னு வந்தவங்களுக்கு?"

"அது எல்லா வண்டியிலயும் வருதே, அதுக்கு எப்படிம்மா உத்தரவாதம் தர முடியும்?"

கம்பெனியின் சரித்திரத்தில் அந்த எஞ்சினுக்காக ஏற்கப்பட்ட முதல் உத்தரவாதக் கோரிக்கை ரோஸ்விதாவுடையதுதான். பாய்ர்லே கைகுலுக்க எழுந்தார். அவளோ மீதி ப்ரெட்ஸெலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள்.

கம்பெனி கைவிட்டால் சங்கம் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரே துன்பம் ஏழு பேருக்கு வந்தால் அவர்கள் அழுவதற்கு முன்பு ஒரு சங்கத்தைப் பதிவுசெய்வார்கள். 'ஃபெல்டாக் டர்போவால் பாதிக்கப்பட்டோர் சங்கம்' சனிக்கிழமைதோறும் மான்தலை விடுதியின் பின்னறையில் கூடியது. தலைவர் ஆல்ஃபோன்ஸ் ரெமலே; ரோஸ்விதாவின் அடுத்த வீட்டுக்காரர்; கம்பெனியில் பெயின்ட் பிரிவு. பொருளாளர் ஓட்மார் ஷ்லெங்க், வாரம் ஐந்து நாள் அதே எஞ்சினுக்கு, எண்ணெயைத் தடுக்க வேண்டிய பிஸ்டன் வளையம் மாட்டுவார். ஆறாம் நாள் அந்த வளையங்களைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவருவார். இரண்டையும் சமமான ஈடுபாட்டோடு செய்தார் என்று சொல்ல முடியாது. தீர்மானங்கள் இறுக்கமாக இருந்தன.

ரோஸ்விதா எழுந்து விஷயத்தைச் சொன்னாள். அறையில் யாரும் பீர்க் குவளையை எடுக்கவில்லை.

"ரோஸ்விதா," என்றார் ரெமலே, "உன்னை நல்லவள்னு நினைச்சேன்."

"நல்லவள்தான். வண்டியும் நல்லது. அதானே தப்பாப் போச்சு!"

"எங்க வழக்கு என்ன ஆகும்? எல்லா வண்டியும் குடிக்குதுன்னு கோர்ட்ல சத்தியம் பண்ணியிருக்கோம்."

"கம்பெனியும் அதைத்தானே சொல்லுது? எல்லாம் குடிக்குது, அதனால அது குணம்னு."

"அவங்க குணம்கிறாங்க, நாங்க குறைங்கறோம். அதுக்காகப் பன்னண்டு வருஷம் ஆனாலும் சண்டை போடுவோம். ஆனா 'எல்லாம்' இருக்கு பாரு, அதுல ரெண்டு தரப்புக்கும் சண்டையே இல்லை. நீ வந்து அதுல கைவைக்கிறே."

மூலையிலிருந்து ஓட்மார் ஷ்லெங்க் மெதுவாக எழுந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அந்த வண்டி எந்த வருஷம், எந்த மாசம் செஞ்சது?" என்று கேட்டார். அவள் சொன்னாள்.

"அப்ப நான்தான். அந்த மாசம் ஒரு நாள் எனக்குக் கடைவாய்ப் பல்வலி. பேச முடியலை. பேச முடியாததால கவனம் வேலையில போயி, ஒரு வண்டிக்குச் சங்கிலியைக்கூட நானே இறுக்கிட்டேன். என்னை மன்னிக்கணும் ரோஸ்விதா. அதுக்கப்புறம் அப்படி நடக்கவே இல்லை."

"ஒரு வண்டியோட நின்னுதே," என்று யாரோ அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

ரோஸ்விதா பத்து நாள் வீம்பு பிடித்தாள். அமைச்சகத்துக்குப் போன் போட்டாள். வகைச் சான்றைத் திருத்தலாம், எல்லா ஃபெல்டாக் உரிமையாளர்களும் ஒருமனதாகச் சம்மதித்தால் போதும் என்றார்கள். ஹின்டர்ஸ்டைக்கிலிருந்து சிபிலா போன் பண்ணினாள்.

"ரோஸ்விதாக்கா, வந்துடுவீங்கள்ல? இங்க இப்பவே முழங்கால் வரைக்கும் பனி."

"நான் எப்பவாவது லேட்டா வந்திருக்கேனா?"

"அதான் தைரியம். எங்க வீட்டுக்காரர் மாட்டு வைத்தியரைக் கூப்பிட்டுக்கலாம்கிறார். அந்த வைத்தியரை நான் கிட்ட விடவே மாட்டேன்."

அன்று மாலையே ரோஸ்விதா வண்டியைப் பட்டறையில் விட்டாள். வில்லை இல்லாமல் வண்டி இல்லை. வண்டி இல்லாமல் மருத்துவச்சி இல்லை. நல்ல வளையங்களைக் கழற்றி, தரச்சான்று பெற்ற வளையங்களை மாட்டினார்கள். இறுகிய சங்கிலியை எடுத்துவிட்டு விதிமுறைப்படி தொளதொளத்த சங்கிலியைக் கோத்தார்கள். கூர்ஃபெஸ் எஞ்சினை முடுக்கினார். கொண்டைக்கடலை கொட்டியது. அவர் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வில்லையைத் தம் கையாலேயே ஒட்டினார்.

ஊர் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ரெமலே வீட்டிலிருந்து ஒரு தட்டு மவுல்டாஷன் கொழுக்கட்டையும், சிவப்புக் கம்பளியில் பின்னிய புட்டிச் சட்டையும் வந்தன. "எவ்வளவு குடிக்குது?" என்ற கேள்விக்கு அவள் முதல்முறையாக உண்மையைச் சொன்னாள்.

சிபிலாவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வலி கண்டது. காலைச் சாப்பாட்டு நேரம். ரோஸ்விதா பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஊர் எல்லை வரை வண்டி ஓடியது. மலை வளைவில் டர்போவுக்கு வைராக்கியம் வந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது, பிறகு சிவப்பு விளக்கு. இறங்கி, பனியில் நின்று, புட்டியின் சட்டையைக் கழற்றி எண்ணெய் ஊற்றினாள். எஞ்சின் குடித்தது, நகரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். வழியில் வந்த பால் லாரி ஏற்றிக்கொண்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. மாட்டு வைத்தியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தாம் எதையும் தொடவில்லை, எல்லாம் தானாக நடந்தது என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கோ சிபிலா," என்றாள் ரோஸ்விதா. "வண்டி..."

"ஃபெல்டாக்தானே?" என்றான் கணவன் மார்க்வார்ட். "அதுக்கென்ன பண்றது? அது அப்படித்தான். உக்காருங்க, காபி குடிங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தாமதித்திருந்தாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதுதான் அவளையே கொஞ்சம் பயமுறுத்தியது.

"அதை விடுங்கக்கா," என்றாள் சிபிலா. "குழந்தையைப் பாருங்க. பிறந்ததிலிருந்து அழவே இல்லை."

"எல்லாக் குழந்தையும் அழும்," என்றான் மார்க்வார்ட்.

"கன்னுக்குட்டியே கத்தும்," என்றார் மாட்டு வைத்தியர்.

ரோஸ்விதா குழந்தையை எடுத்தாள். நல்ல ரோஜா நிறம். மூச்சு சீராக வந்தது. இதயம் திடமாக அடித்தது. கண்ணைத் திறந்து, வந்த இடத்தை ஆராய்வதுபோல் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை. அழாமலும் சில பிறக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சுற்றிலும் மூன்று முகங்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் குழந்தையைத் திருப்பிப் பிடித்து உள்ளங்காலில் சுள்ளென்று ஒரு சுண்டு சுண்டினாள்.

குழந்தை வீறிட்டது. சிபிலா நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சுவிட்டாள். மார்க்வார்ட் சிரித்தான். மாட்டு வைத்தியர், இப்போதுதான் சரியாக இருக்கிறது என்றார். ரோஸ்விதாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த அறையில் ஆட்சேபம் இருந்தது ஒரே ஒருவருக்குத்தான். அவருக்கு இன்னும் பேச்சு வரவில்லை.