மண் பறந்த ஆண்டு விழா

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து, வாயைத் திறந்து நன்றி என்று சொன்ன ஒரே மனிதரை நான் பார்த்திருக்கிறேன். நம்மில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. தண்ணீர் கொடுத்தால் குடிப்போம், வழி சொன்னால் போவோம். பெண் கொடுத்த மாமனாருக்கே ஒரு தலையசைப்போடு முடித்துக்கொள்கிறவர்கள் நாம். அவர் ஒருவர் மட்டும் ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அவர் பெயரே நன்றியுரை என்று ஆகிவிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது; அது பிரஸ்ஸின் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் அவர் எழுத்துக் கோப்பவர், நான் புரூஃப் பார்ப்பவன். அறுபதுகளின் தொடக்கம் அது. அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது, எனக்கு இருபத்து மூன்று. ஒல்லியான மனிதர். ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கறுத்துப்போன விரல்கள். மார்கழி பிறந்ததும் கழுத்தில் ஒரு பச்சை மப்ளர் ஏறிவிடும். எங்கள் ஊர்க் குளிருக்கு ஒரு துண்டே அதிகம் என்றாலும், உச்சி வெயிலிலும் அது இறங்காது. "தொண்டை போச்சுன்னா எல்லாம் போச்சு தம்பி" என்பார்.

மார்கழியில் அவர் தொண்டைக்கு அவ்வளவு வேலை இருந்தது. மற்ற ஊர்களுக்குத் தீபாவளிதான் கொண்டாட்டம். எங்களுக்கு அது சீசன் முடிகிற நாள். அதுவரை ஊரே தலை நிமிராமல் மருந்து இடிக்கும், திரி கிள்ளும், லேபிள் ஒட்டும். அது முடிந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வரும். ஆகவே ஒரு வருஷத்து விழாக்களையும் கார்த்திகைக்கும் தைக்கும் நடுவில் அடைத்துவிடுவோம். பள்ளிக்கூட ஆண்டு விழா, கிறிஸ்துமஸ் நாடகம், பஜனை மடத்துப் பொங்கல் பிரசாதம், சைக்கிள் பந்தயம் எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள். எல்லா நோட்டீசிலும் கடைசி வரி ஒன்றேதான்: நன்றியுரை. நோட்டீசுக்கு எழுத்துக் கோப்பவரும் அவரே ஆனதால் அந்த வரி ஒருநாளும் விட்டுப்போனதில்லை.

சாதாரண நன்றியுரை என்றால் தலைவருக்கு, பேச்சாளருக்கு, மைக் செட்டுக்கு என்று மூன்று வரியில் முடியும். நம் ஆளுக்கு அது போதாது. விழாவுக்கு மூன்று நாள் முன்பிருந்தே தெருத் தெருவாக விசாரித்துக்கொண்டு வருவார். ஜமுக்காளம் யார் வீட்டது? கயிறு யார் கொடுத்தது? வாழைமரத்தை வெட்டியவர் ஒருவரா, பிடித்துக்கொண்டவர் வேறொருவரா? இத்தனையையும், அச்சில் பிசகிப்போன லேபிள்களின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொள்வார். மேடையில் அவர் வாசிக்கும்போது நமக்குத் தெரிவதெல்லாம் நிறம் ஒதுங்கி மூக்கு கன்னத்துக்குப் போய்விட்ட லேபிள் கிளிகள்தான்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பர்களோடு நிஜ ஆடு ஒன்று வந்தது. ஆட்டுக்காரருக்கு நன்றி சொன்னார். ஆட்டுக்கும் சொன்னார். "தேவதூதன் பேசி முடிக்கும்வரை பொறுமை காத்து, அதன்பின் மட்டுமே மேடையை அசுத்தம் செய்த" என்று அதற்கு ஓர் அடைமொழியும் கொடுத்தார்.

ஒரு கல்யாண வரவேற்பில் அவர் சொன்ன நன்றி இன்னும் பிரசித்தம். "வந்திருந்தால் கலவரம் விளைந்திருக்கக்கூடிய நிலையில், வராமலிருந்து ஒத்துழைத்த மாப்பிள்ளையின் பெரியப்பா அவர்களுக்கு" என்று ஆரம்பித்தார். பெரியப்பா வந்துதான் இருந்தார். கடைசி வரிசையில் சமாதானமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அன்று நடந்த அடிதடியில், மறுநாள் பந்தலைப் பிரிக்கும் வேலை பந்தல்காரருக்கு மிச்சமாயிற்று.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. நன்றியுரை என்று மைக்கில் சொன்ன உடனே கூட்டம் எழுந்துவிடும். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, புழுதியைத் தட்டிக்கொண்டு, அவர் முதல் பெயரைச் சொல்லுமுன் பாதி மைதானம் காலி. ஒரு வருஷம் தந்திரமாகச் செருப்புகளையெல்லாம் பாதுகாப்புக்கு என்று வாங்கி மேடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஊரில் பாதிப் பேர் செருப்பே போடாதவர்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை. போட்டிருந்தவர்களும் மேடைக்குப் பின்னால் போய் அவர் முதுகுக்குப் பக்கத்திலேயே ஜோடி தேட ஆரம்பித்தார்கள். "எங்கலே என் வலதுகால்?" என்ற சத்தம் மைக்கில் தெளிவாகக் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. செருப்பைக் காவல் காத்தவருக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

கடைசிவரை நின்று கேட்டவர்கள் மூன்று பேர். செல்லம்மாள், ராக்கு, மரியபுஷ்பம். மூவரும் ஒரு பட்டாசு ஆபீசில் வேலை பார்த்தார்கள். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மைதானம் செம்புழுதி. நாலு பேர் நடந்தாலே முட்டளவு எழும்பும். விழா நாளில் மத்தியானம் மூன்று மணிக்கே இவர்கள் ஊருணியிலிருந்து குடம் குடமாகச் சுமந்துவந்து மைதானம் முழுக்கத் தெளித்துவிடுவார்கள். குடிக்கத் தண்ணீருக்கே ஊர் வரிசையில் நிற்கிற காலம். யாரும் அவர்களைக் கூப்பிட்டதில்லை. முதல் தடவை யார் சொல்லி வந்தார்கள் என்பதும் தெரியாது. மேடை போட்டால் அவர்கள் வருவார்கள், அவ்வளவுதான்.

நன்றியுரையின் பட்டியலில் கடைசி இடம் அவர்களுக்கு. "மண் பறக்காமல் தண்ணீர் தெளித்த செல்லம்மாள், ராக்கு, மரியபுஷ்பம் ஆகியோருக்கு" என்று அவர் சொல்லும்போது மிச்சமிருக்கும் கூட்டமும் சிரித்துக்கொண்டே கலையும். செல்லம்மாள் ஒருநாள் பிரஸ் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எம்பேரை மைக்குல சொல்லாதீக அண்ணாச்சி. தெருவே கேலி பேசுது."

"அப்ப தெளிக்காத தாயி. தெளிச்சா சொல்லத்தான செய்வேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த விழாவிலும் மூவரும் வேலியோரம் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தங்கள் பெயர் வரும்வரை நின்றார்கள். பெயர் வந்ததும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு போனார்கள். அதற்காகத்தான் அவ்வளவு நேரம் நின்றார்கள் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

நான் சொல்ல வந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. தீபாவளிக்குப் பின் வழக்கமாக மூடிக் கிடக்கும், அந்த மூவரும் வேலை பார்த்த ஆபீசை, வடக்கேயிருந்து அவசர ஆர்டர் என்று கார்த்திகையிலேயே திறந்தார்கள். ஒரு காலையில் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் பேச மாட்டார்கள். கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு, புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். ஒரு அறையில் மூன்று பேர் இருந்தார்கள். யார் யாரென்று நான் மறுபடி எழுத வேண்டியதில்லை.

அன்று நன்றியுரை பிரஸ்ஸில் தன் இடத்தில் நின்றபடியே இருந்தார். கையில் எழுத்துக் கட்டை இருந்தது, சாயங்காலம்வரை ஒரு வரி கூடக் கோக்கவில்லை.

எங்கள் தெருவில் வாலிபர் சங்கம் ஒன்று இருந்தது. பிரஸ் உரிமையாளர்தான் தலைவர், நான் செயலாளர். மார்கழிக் கடைசியில் ஆண்டு விழா. சங்கத்து வாசகசாலைக்கு ஓட்டுக் கூரை போட்டுத் தருவதாக அந்த ஆபீஸ் முதலாளி முன்பே வாக்குக் கொடுத்திருந்தார், விழாவுக்கும் அவர்தான் தலைமை. அவர் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். மூன்று வீட்டுக்கும் நேரில் போனார், அழுதார் என்றும் சொன்னார்கள். ஆனால் அடுத்த வாரமே வேறு அறையில் வேலை நடந்தது. பிரஸ்ஸுக்கு வரும் லேபிள் ஆர்டரில் பாதி அவருடையது.

விழாவுக்கு முதல் நாள் சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "நன்றியுரைகிட்ட சொல்லிரு. முதலாளிக்கு முதல் நன்றி. அந்தப் பொம்பளைக பேச்சே மேடையில வரக்கூடாது. வந்துச்சுன்னா திங்கக்கிழமை அவரு பிரஸ் பக்கம் வர வேண்டாம்னு நான் சொன்னேன்னு சொல்லு."

நான் போய்ச் சொன்னேன், எதையும் விடாமல். அவர் பட்டியல் எழுதிய லேபிளை நீட்டினார். அதில் கடைசி வரி வழக்கம்போல இருந்தது, மூன்று பெயர்களோடு.

"இதை அடிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன்.

"அடிச்சிட்டா, இந்த வருசம் யாரு தெளிச்சான்னு போட?"

"யாரும் தெளிக்கப் போறதில்லையே."

"அப்ப அதையாச்சும் சொல்லணும்லா?"

நான் பேனாவை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே அந்த வரியை அடித்தேன். புரூஃப் பார்க்கிறவன் புத்தி. அவர் தடுக்கவில்லை. லேபிளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் விழா. யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. தெளிக்க வேண்டும் என்று சங்கத்தில் இருந்த பதினோரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேடை, பந்தல், சோடா, மாலை எல்லாம் யோசித்திருந்தோம். கூட்டம் வர வர மண் எழும்பியது. கோலாட்டம் ஆரம்பித்தபோது ஆடும் பிள்ளைகளின் தலைமட்டும்தான் தெரிந்தது. வரவேற்புரை சொன்னவர் இருமினார், நான் ஆண்டறிக்கையை இருமிக்கொண்டே வாசித்தேன். முதலாளி வேட்டியெல்லாம் சிவப்பாகி, இரண்டு சோடா குடித்து, தலைமையுரையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஜனங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்றைக்கும் இல்லாமல் ஏன் இப்படி என்று முணுமுணுத்தார்கள்.

நன்றியுரை மைக் முன்னால் வந்தார். வழக்கம்போலக் கூட்டம் எழுந்தது. அவர் லேபிளை எடுக்கவில்லை. மப்ளரை அவிழ்த்து வாயைத் துடைத்துக்கொண்டார். மேடைத் தமிழை விட்டுவிட்டு, பிரஸ்ஸில் பேசுவதைப் போலப் பேசினார்.

"இன்னைக்கு மண்ணு ரொம்பப் பறந்துச்சு. எல்லாரும் இருமுனீக, நானும் பாத்தேன். போன வருசம் வரைக்கும் இங்கன மண்ணு பறந்ததில்ல. செல்லம்மாளும் ராக்கும் மரியபுஷ்பமும் அம்புட்டுத் தூரம் நடந்து தண்ணி தூக்கியாந்து தெளிச்சாக. இந்த வருசம் அவுக இல்ல. அதான் பறக்குது. அவுகளுக்கு நன்றி. வேற யாருக்கும் சொல்ல இன்னைக்கு எனக்கு வாய் வரல."

அவ்வளவுதான். அவர் வாழ்க்கையில் சொன்ன மிகச் சிறிய நன்றியுரை. எழுந்த ஜனங்கள் நின்ற இடத்திலேயே திரும்ப உட்கார்ந்தார்கள். புழுதியும் மெல்ல அடங்கியது. வேலியோரத்தில் யாரோ ஒரு பெண் விம்மினாள். முதலாளி தலையைக் குனிந்து மடியிலிருந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். சுண்டல் கொடுக்கிறார்கள் என்று சொன்னபோதுகூட வெகுநேரம் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை தலைவர் என்னிடம், "நேத்துச் சொன்னதுதான். நீயே போய்ச் சொல்லிரு" என்றார். எனக்கும் வேலை வேண்டியிருந்தது. திருத்தங்கல் போகிற ரோட்டில், ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. போனபோது, விழாவுக்கு இரவல் வாங்கிய ஜமுக்காளங்களை வேலியில் போட்டுக் குச்சியால் அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் சிவப்பாகத் தூசி கிளம்பியது. நான் சொல்ல வேண்டியதை அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன்.

அவர் குச்சியைக் கீழே வைத்தார். "இம்புட்டுத் தூரம் வெயில்ல நடந்தா வந்த? நன்றி தம்பி. உள்ள வா, தண்ணி குடிச்சிட்டுப் போ."

குத்தலாகச் சொல்கிறாரா என்று அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. மெய்யாகவே சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தண்ணீரைக் குடித்தேன், செம்பைக் கொடுத்தேன், பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தேன். அந்த வெட்கம் இன்னும் என்னோடு இருக்கிறது.

அவர் சாத்தூரில் ஒரு கல்யாணப் பத்திரிகை பிரஸ்ஸில் சேர்ந்தார். மேடை ஏறுவதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வாசகசாலைக்குக் கூரை வரவில்லை.

அடுத்த மார்கழியில் மறுபடி ஆண்டு விழா வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு நான் அம்மாவின் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனேன். இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் தூக்கி, பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். "என்னவே செயலாளரே, குளிச்சிட்டா வாறீரு?" என்று தெரு சிரித்தது. பன்னிரண்டு குடத்தில் இடுப்பு விட்டுப்போயிற்று. மேடைக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்குத்தான் மண் நனைந்தது. அன்று நன்றியுரையை யாரோ மூன்று வரியில் முடித்தார்கள். நான் வேலியோரம், காலிக் குடத்தோடு, கடைசிவரை நின்றேன். என் பெயர் வரவில்லை. அதைச் சொல்லக்கூடியவர் சாத்தூரில் இருந்தார்.